விரதத்துக்கு ஆகாத கேப்சூல்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மைக் என் கையில்தான் இருக்கும். மலேசியாவில், பெடாஸ் பக்கத்தில் உள்ள தோட்டம். நான் கோயில் செயலாளர். செருப்பை எங்கே விடுவது, பால்குடம் எடுப்பவர்கள் எந்த வரிசையில் நிற்பது, அன்னதானத்தில் முதல் பந்தி யாருக்கு, எல்லாம் நான் சொன்னால்தான் நடக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. மற்றவர்களுக்கும் அந்த நினைப்பு இருந்ததா என்று நான் விசாரித்தது கிடையாது. வீடு மாறி மம்பாவுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடிவிடுவேன். அங்கே என் அக்கா இருக்கிறாள். மைக்கும் இருக்கிறது.

அக்காவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் இல்லை. ஒரே மகள், நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தினமும் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வருவாள். ரப்பர் இருந்த காலத்தில் அக்கா மேட்டுக்காட்டில் பால் எடுக்க மரப்பட்டை வெட்டினாள், இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்துச் சரிவில் இறங்கினாள். ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த பிறகு, குனிந்து குனிந்து உதிர்ந்த பழம் பொறுக்கினாள். இப்போது இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. உட்கார்ந்தால் எழுவதற்குச் சுவர் வேண்டும். எழும்போது வாய்க்குள்ளேயே ஒரு முனகல்.

இந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்குப் பால்குடம் எடுப்பேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். நிற்பதற்குத்தான் கால் சரியில்லை என்று நான் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. மகள் அவளை அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போய் மருந்து வாங்கி வந்தாள். வலிக்கும் வீக்கத்துக்கும் ஒரு மாத்திரை, காலையிலும் மாலையிலும் சாப்பிட்ட பிறகு. அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க ஒரு கேப்சூல், காலையில் சாப்பாட்டுக்கு முன்னால். வலி அதிகமாக இருக்கும் நாட்களுக்கு மட்டும் போடணும், குறைந்தால் நிறுத்தணும் என்று டாக்டர் சொன்னதை மகள் அக்காவிடம் எடுத்துச் சொன்னாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டே கேட்டேன்.

காப்புக் கட்டிய அன்று, கோயில் வாசலில் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். கையில் மருந்துப் பை.

"தம்பி, இதெல்லாம் விரதத்துல போடலாமாடா?"

கேட்டது நல்ல கேள்வி. கேட்ட ஆள்தான் சரியில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அறவே இல்லை. அதிலும் சுற்றிலும் நாலு பெண்கள் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாத்திரை போடுக்கா, மருந்துதானே. இந்த கேப்சூல் மட்டும் வேணாம்."

"ஏன்டா?"

"மேல இருக்கிற கூடு எதுல செய்றான் தெரியுமா? எலும்பு, தோலு எல்லாம் போட்டுக் காய்ச்சி எடுக்கிற சாமான். இங்க விக்கிறதுன்னா ஹலாலாத்தான் இருக்கணும். அப்ப பன்னி இல்ல. பன்னி இல்லன்னா வேற என்ன? மாடுதான் லா."

அக்கா பையை அப்படியே மூடிவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண்களில் ஒருத்தி, "பாத்தீங்களா, எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்காரு" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அந்த விஷயம் எனக்கு எங்கிருந்து கிடைத்தது? கைப்பேசியில் யாரோ யாருக்கோ அனுப்பி, சுற்றிச் சுற்றி என்னிடம் வந்த செய்தி. அந்தக் குறிப்பிட்ட கேப்சூலின் கூடு மாட்டிலிருந்து வந்ததா, செடியிலிருந்து வந்ததா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பிறகு ஒரு மருந்துக்கடைப் பெண் சொன்னாள்: கேப்சூல் வேண்டாம் என்றால் அதே வேலையைச் செய்கிற மாத்திரை தனியாக இருக்கிறது, கேட்டிருந்தால் டாக்டரே மாற்றிக் கொடுத்திருப்பார் என்று. கேட்டிருக்கலாம். வாய் என்னவோ எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அக்கா ஒருபொழுது விரதம். பகல் முழுக்க ஒன்றும் கிடையாது, சாயந்திரம் பூஜை முடிந்த பிறகுதான் சோறு. ஒரு சனிக்கிழமை காலையில் நான் போனபோது, அடுப்படியில் நின்று கறுப்புக் கோப்பியோடு வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்ட பிறகு போடணும்னு என் மக சொன்னாளே" என்று அவளே இழுத்தாள்.

"கோப்பி உள்ள போச்சுல்ல? வயிறு ஒண்ணும் சும்மா இல்லையே" என்றேன்.

ஒரு டம்ளர் கோப்பியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டேன். அக்கா தலையாட்டினாள். அவள் பள்ளிக்கூடம் பாதியில் நின்றவள். நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் வரை போனவன். என் பேச்சுக்கு அவள் வீட்டில் எப்போதும் ஒரு மதிப்பு உண்டு.

திருவிழா நெருங்க நெருங்க முட்டி வீங்கிவிட்டது. பிள்ளையார் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயில் வரை செம்மண் பாதை, வெறுங்கால், தலையில் குடம். நடந்து பார்க்கிறேன் என்று அவள் தினமும் செம்பனை ஓரமாகக் கொஞ்ச தூரம் போய் வந்தாள். மாத்திரைக்கு வலி கேட்கவில்லை என்றாள். என் இடுப்புப் பிடிப்புக்கு நான் கடையில் வாங்கிய மாத்திரை காரில் கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். "இதையும் சேர்த்துப் போடு, சும்மா பறந்துடும்." அவளுடைய மாத்திரை வெள்ளை, என்னுடையது ரோஸ். பேரும் வேறு. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே வேலை, ஒரே கேடு என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் போடுகிறவரின் குடல் என்ன பாடு படும் என்றும் தெரியாது.

மகளுக்கு அந்த மாதம் தொழிற்சாலையில் கூடுதல் வேலை. அம்மா மருந்து போடுகிறாளா என்று கேட்பாள். போடுறேன் என்று அக்கா சொல்வாள். பொய் இல்லை. மருந்து போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

திருவிழா அன்று அக்கா நடந்தாள். முழுத் தூரமும் நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது, உதட்டில் ரத்தமே இல்லை. விரதக் களை என்று நினைத்தேன். நினைத்தது போதாது என்று அதை மைக்கிலும் சொன்னேன். "பாருங்கள் பக்தர்களே, விரதம் இருந்தவர்கள் முகத்தில் என்ன ஒரு களை!" என்று ஒலிபெருக்கி செம்பனைத் தோட்டம் முழுக்க அலறியது. ரத்தம் குறைந்து வெளுத்த முகத்தைக் காட்டி நான் ஊரைக் கும்பிடச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில், கோயிலுக்குப் பின்னால் அன்னதான அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா, குழாயைப் பிடித்தபடியே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். காப்பித்தூள் கசடு மாதிரி கறுப்பாக வந்தது. கை ஜில்லென்று இருந்தது. நானும் அவள் மகளும் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு விட்டோம். பின் சீட்டில் மகளின் மடியில் தலை வைத்துக்கொண்டு அக்கா மெதுவாகச் சொன்னாள், சில நாளாகவே வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாக இருக்கிறது என்று.

"ஏம்மா சொல்லல?" என்று மகள் கத்தினாள்.

"சாமி காரியம் நடக்கிறப்ப இதைப் போய் யாராச்சும் சொல்வாங்களா?"

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். கேப்சூல் ஞாபகம் அப்போதே வந்துவிட்டது.

வயிற்றில் புண், அதிலிருந்து ரத்தக்கசிவு. குழாய் விட்டுப் பார்த்துக் கசிவை அடைத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அக்காவின் மகளைப் பார்த்துவிட்டு, முடிக்காமல் விட்டார். டாக்டர் மலாய்க்காரப் பெண், சின்ன வயது, ராத்திரி முழுக்க வேலை செய்த களைப்பு கண்ணில். என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார். மகள் வீட்டிலிருந்து வாரிக்கொண்டு வந்த மருந்துப் பையைக் கொடுத்தாள். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வெள்ளை மாத்திரை முக்கால்வாசி காலி. ரோஸ் மாத்திரை காலி. கேப்சூல் அட்டை மட்டும் புதுசாக இருந்தது, ஒன்றுகூடப் பிய்க்கவில்லை.

டாக்டர் அந்த அட்டையை அக்காவிடம் நீட்டினார். "மாக்சிக், இனி கெனாப்பா தக் மாக்கான்?" பெரியம்மா, இதை ஏன் சாப்பிடவில்லை?

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். இப்போது என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் தெரிந்துவிடும் என்பதற்காகவே திரும்பாமல் இருந்தாள் என்று எனக்குப் புரிந்தது. "மறந்து போச்சு" என்று மலாயில் சொன்னாள்.

டாக்டர் அக்காவின் மகள் பக்கம் திரும்பினார். அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். படிக்கத் தெரியும். வயதானவருக்கு இரண்டு விதமான வலி மாத்திரை, வயிற்றுக்கு மருந்து இல்லை, சாப்பாடும் இல்லை. ஒரு நாளாவது இந்தப் பையைத் திறந்து பார்த்தீர்களா? குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தொழிற்சாலைச் சட்டையோடு நின்றாள். "சோரி டாக்டர், சோரி டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மூக்கைத் துடைக்கக்கூடக் கையில் ஒன்றும் இல்லை.

நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் பேர் நிற்கும் இடத்தில் மைக் பிடிக்கிற வாய்க்கு, "நான்தான் சொன்னேன்" என்று இரண்டு வார்த்தை வரவில்லை. பயம்தான். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

மகள் சாப்பாடு வாங்கப் போனபோது அக்காவிடம் அழுதேன். அக்கா கையைத் தூக்க முடியாமல் விரலை மட்டும் அசைத்தாள்.

"விடுடா. நீ நல்லதுக்குத்தானே சொன்னே. அவகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதே. அப்பன் இல்லாத பிள்ளை, உன்னைத்தான் பெருசா நினைச்சுக்கிட்டு இருக்கு."

அப்பாடா என்று இருந்தது. வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வெள்ளிக்கிழமை, கோயிலில் பூசாரியிடம் பட்டும் படாமலும் கேட்டேன். விரதத்தில் கேப்சூல் போடலாமா? அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நான் காப்புக் கட்டுன நாள்ல இருந்து இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, அதுக்கு மருந்து, பிரஷர் மருந்து எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் பூஜை பண்றேன். மருந்துக்காக வாழைப்பழமும் பாலும் சாப்பிடுவேன். அம்மன் என்ன, வேணாம்னா சொன்னா? எவன் சொன்னது இதெல்லாம்?"

"சும்மா கேட்டேன் சாமி" என்று நகர்ந்துவிட்டேன். அதுவரை, என்ன இருந்தாலும் நான் கோயில் கட்டுப்பாட்டைத்தானே சொன்னேன் என்று மனதுக்குள் ஒரு சாக்கு வைத்திருந்தேன். அப்படி ஒரு கட்டுப்பாடே இல்லை. அன்று அந்த வாசலில் நின்று நானே உண்டாக்கியது அது.

இப்போது அக்காவுக்கு அந்த வகை வலி மாத்திரை ஒன்றுமே ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சாதாரணக் காய்ச்சல் மாத்திரை, அதுவும் அளவோடு. முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் காலை அழுத்துகிற பயிற்சி. வெந்நீர் ஒத்தடம். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்கிற ஜாமு என்ற நாட்டு மருந்தைக் கையால்கூடத் தொடக்கூடாது, அதற்குள் என்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் செய்கிறாள். ஆனாலும் அந்த மாத்திரை கொடுத்த சுகத்தை இது கொடுக்கவில்லை. ஒழுங்காகப் போட்டிருந்தால், மோசமான நாட்களுக்கு என்று அது அவள் கையில் இருந்திருக்கும். அவள் சுவரைப் பிடித்து எழுகிற ஒவ்வொரு தடவையும் நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

நவராத்திரி முதல் நாள் மைக்கை வாங்கினேன். செய்த தப்புக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டிருந்தது. விரதம் இருப்பவர்கள் மருந்தை நிறுத்தக்கூடாது என்றேன். மூட்டு வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள், கோப்பி சாப்பாடு ஆகாது. ஒருவர் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள், பேர் வேறாக இருந்தாலும் சாமான் ஒன்றாக இருக்கலாம். கிட்னிக் கோளாறு, அல்சர், இருதய வியாதி இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வயிற்றெரிச்சல் வந்தாலோ, கறுப்பாகப் போனாலோ சாமி காரியம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேப்சூல் பிடிக்காவிட்டால் மாற்று மருந்து கேளுங்கள், நீங்களாக விட்டுவிடாதீர்கள். நன்றாகத்தான் பேசினேன். கைதட்டினார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இறங்கி வந்ததும் அக்கா மகள் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"தேங்க்ஸ் மாமா. நான் செஞ்ச மாதிரி வேற யாரும் கவனிக்காம விட்டுடக்கூடாதுன்னுதானே பேசுனீங்க? என் பேர் சொல்லாம விட்டதுக்கும் தேங்க்ஸ்."

அவள் தலையைத் தட்டிக் கொடுத்தேன், பெரிய மனுஷன் மாதிரி.

அடுத்த வாரம்தான் அக்கா சொல்லித் தெரிந்தது. தொழிற்சாலையில் மகளைப் பினாங்குக்கு மாற்றி, மேற்பார்வையாளர் வேலை கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷமாக அவள் ஆசைப்பட்ட வேலை. வேண்டாம் என்று சொல்லப்போகிறாளாம். பக்கத்தில் இருந்தே அம்மாவைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன், தூரத்தில் போனால் என்ன ஆகும் என்கிறாளாம். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள். பதில் சொல்ல அவளுக்குத் திங்கட்கிழமை வரைதான் நேரம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். அக்கா உள்ளே படுத்திருந்தாள். மகள் பின்கட்டில் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். காப்புக் கட்டிய அன்று உன் அம்மா கேட்டதும், நான் கேப்சூல் வேண்டாம் என்றதும், கோப்பி போதும் என்றதும், ரோஸ் மாத்திரை என்னுடையது என்பதும், எல்லாம். அம்மா மறக்கவில்லை, என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்றும் சொன்னேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, நீ பினாங்குக்குப் போ, அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். திட்டுவாள், திட்டட்டும் என்றுதான் வந்திருந்தேன். அழுதால் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன். தெரியாமல் செய்தது என்று சொல்லலாம்.

அவள் குழாயை மூடினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேப்சூலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அன்னிக்கு அந்த டாக்டர் எல்லார் முன்னாலயும் என்னைக் கேட்டப்ப, நீங்க அங்கதானே மாமா நின்னீங்க?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டுச் சட்டியைக் கழுவ ஆரம்பித்தாள். நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பினாங்குக்குப் போகிறாள். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.